வீட்டு அடுப்பில் சைனீஸ் நூடுல்ஸ் உதிரி உதிரியாக வர

தருமபுரி நாலு ரோடு பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடந்து போனால் தள்ளுவண்டிக் கடைகளில் கரண்டி சட்டியில் மோதும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். முட்டைக்கோஸ் சூட்டில் படுகிற வாசனை, மிளகு, சோயா சாஸ், அதோடு ஒரு புகை. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பது சரியாக அந்த இடத்தில்தான். அதே நூடுல்ஸை வீட்டில் செய்து பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அந்த ருசி வரமாட்டேங்குது, குழைஞ்சு போயிடுது." நானும் ரொம்ப நாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாஸ் மாற்றினேன், பாக்கெட் மாற்றினேன், நூடுல்ஸ் மசாலா என்று தனியாக விற்கிற தூளை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு அதில் எதிலும் இல்லை. ஈரம்தான் காரணம். நூடுல்ஸில் ஈரம், காயில் ஈரம், ஒரே சட்டியில் அளவுக்கு மேல் அள்ளிப் போடுவதால் கிளம்புகிற ஆவி. இந்த மூன்றையும் சரி செய்தால் நம் வீட்டு அடுப்பிலேயே நூடுல்ஸ் நன்றாக வரும்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஆடிப்பெருக்கு அன்று. ஒகேனக்கல் போய்விட்டு வந்த சொந்தக்காரர்கள் பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் இறங்கினார்கள், பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் செய்து தருகிறேன் என்று நான்கு பாக்கெட்டை ஒன்றாக வேகவைத்து, வடித்த சூட்டோடு சூடாக, வதங்கிக்கொண்டிருந்த காயில் கொட்டிக் கிளறினேன். ஐந்து நிமிஷத்தில் கரண்டி நகரவில்லை. அடியில் ஒட்டுகிறது, மேலே பிசுபிசுவென்று இருக்கிறது, நடுவில் அறுந்து துண்டு துண்டாகிவிட்டது. பிள்ளைகள் பேசாமல் சாப்பிட்டார்கள், ஆனால் ஒருத்தர்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை. எனக்கு அது மனசில் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் தருமபுரி போனபோது வழக்கமாக வாங்குகிற தள்ளுவண்டியில் நின்று, மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, நீங்க எப்படி ஒட்டாம பண்றீங்க?" அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "அக்கா, இது மத்தியானமே வேகவச்சு ஆற வச்சதுக்கா. சூடா இருக்கிறதை சட்டில போட்டா களி மாதிரி ஆயிடும். அப்புறம், நான் ஒரு தடவைக்கு ரெண்டு பிளேட்டுக்கு மேல போடவே மாட்டேன், பாருங்க." அதற்கப்புறம்தான் கவனித்தேன், பக்கத்தில் இருந்த பெரிய டப்பாவில் நூடுல்ஸ் எண்ணெய் தடவி, இழை இழையாக, தொட்டால் வறண்டு இருந்தது. இத்தனை வருஷம் அவர் கை சுழலுவதையும் எழுகிற தீயையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த டப்பாவைப் பார்க்கவே இல்லை.

இந்தச் சமையலின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சௌமெய்ன் என்கிறோமே, சீன மொழியில் 'சௌ' என்றால் வறுப்பது, 'மெய்ன்' என்றால் நூடுல்ஸ். வறுத்த நூடுல்ஸ், அவ்வளவுதான். நம் ஊரில் கடலை வறுக்கிறோம், ரவை வறுக்கிறோம், ஈரத்தோடு எதையாவது வறுப்போமா? சட்டியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீ முழுக்கச் செலவாகிவிடும். பொருள் சிவந்து அந்த வறுத்த வாசனை வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். தள்ளுவண்டியில் ஹைபிரஷர் பர்னர், அதன் தீ நம் வீட்டு பர்னரைவிடப் பல மடங்கு, அதனால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நொடியில் பறந்துவிடும். வீட்டில் அந்தத் தீ இல்லை. அதனால் நாம் ஈரத்தை முன்னாடியே குறைத்துக்கொண்டு அடுப்புக்குப் போக வேண்டும். கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

முதலில் நூடுல்ஸ். மளிகைக் கடையில் ஹக்கா நூடுல்ஸ் என்று கேட்டால் மைதாவில் செய்த காய்ந்த நூடுல்ஸ் தருவார்கள், பெரும்பாலும் 150 கிராம் பாக்கெட். இரண்டு பேருக்கு இது தாராளம். மசாலாப் பொட்டலத்தோடு வருகிற இரண்டு நிமிஷ நூடுல்ஸ் இதற்கு வேண்டாம், அது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்து எடுத்தது, வெந்ததும் சீக்கிரம் குழைந்துவிடும். வாங்கும்போது தேதி பாருங்கள், பாக்கெட்டைக் கையில் எடுத்து உள்ளே நொறுங்கித் தூளாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். நொறுங்கியிருந்தால் வேகும்போது அந்தத் தூள் கரைந்து தண்ணீர் கஞ்சியாகும்.

150 கிராம் நூடுல்ஸுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வையுங்கள். சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்தால், நூடுல்ஸிலிருந்து வருகிற மாவு அந்தத் தண்ணீரிலேயே கெட்டியாகித் திரும்ப நூடுல்ஸ் மேலேயே ஒட்டும். சோறு வடிக்கிற குண்டாவே சரியான பாத்திரம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு, நூடுல்ஸை உடைக்காமல் போடுங்கள். ஒரு நிமிஷம் அப்படியே விட்டு, முள்கரண்டியால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். பாக்கெட்டில் ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்தால் மூன்றரை நிமிஷத்திலேயே ஒரு இழையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். வெட்டுவாயில் நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி தெரிகிற நேரம்தான் இறக்குகிற நேரம். புள்ளி பெரிதாக இருந்தால் இன்னும் அரை நிமிஷம் விடலாம். புள்ளியே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது, இருந்தாலும் பரவாயில்லை, உடனே வடித்துவிடுங்கள். மீதி வேக்காட்டைச் சட்டிச் சூடு பார்த்துக்கொள்ளும்.

வடிதட்டில் கொட்டியதும் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் விட்டு அலசுங்கள், அடியில் இருப்பதும் ஆறுகிற மாதிரி விரலால் புரட்டி. இதில் இரண்டு வேலை நடக்கிறது. வேக்காடு அந்த இடத்திலேயே நிற்கிறது, மேலே ஒட்டியிருக்கிற மாவுப் பசையும் கழுவிப் போகிறது. அதற்கப்புறம் வடிதட்டை நன்றாக உதறி, ஐந்து நிமிஷம் சாய்த்து வையுங்கள்.

பெரும்பாலானவர்கள் விடுகிற இடம் இதற்கு அடுத்தது. வடித்த நூடுல்ஸ் வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் இழைகளுக்கு நடுவில் தண்ணீர் நிற்கும். பழைய வேட்டித் துணியைத் துவைத்து வைத்திருப்போமே, அதை ஒரு பெரிய தாம்பாளத்தில் விரித்து நூடுல்ஸை மெல்லிசாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே 20 நிமிஷம் வையுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது, லேசாகப் பிசுக்கென்று இருக்கலாம். அப்போது ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் கையாலேயே பிசிறிவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் விட்டால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதனால் காய்ந்த பிறகு எண்ணெய், இந்த வரிசையை மாற்றாதீர்கள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஃபேன்கூட வேண்டாம், கால் மணியில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் அரை மணிக்கு மேல் ஆகும்.

நூடுல்ஸ் காய்கிற நேரத்தில் காய் நறுக்கலாம். காய் விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் வந்து இறங்குகிற மாவட்டம் இது, உழவர் சந்தைக்குக் காலையில் போனால் இலை விறைப்பாக இருக்கிற கோஸ் கிடைக்கும். கோஸைக் கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனமாக, இறுக்கமாக இருப்பது பொரியலுக்கு நல்லது. நூடுல்ஸுக்குக் கொஞ்சம் தளர்வாக, இலை மெல்லிசாக இருப்பது நல்லது, சீக்கிரம் வதங்கும். கழுவுவதை நறுக்குவதற்கு முன்னாடியே செய்துவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். நறுக்கிய பிறகு அலசினால் ஒவ்வொரு துண்டும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சட்டிக்கு வரும்.

எல்லாவற்றையும் தீக்குச்சி அளவுக்கு நீளமாக, மெல்லிசாக நறுக்க வேண்டும். பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி சதுரமாக நறுக்கினால் நூடுல்ஸோடு சேராது, தட்டின் அடியில் தனியாகத் தங்கும். இரண்டு பேருக்கு முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி, கேரட் ஒன்று, பீன்ஸ் ஆறு, குடைமிளகாய் பாதி, பெரிய வெங்காயம் சின்னதாக ஒன்று, வெங்காயத்தாள் நான்கு, பூண்டு ஆறு பல். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி தனி, பச்சை தனி. பூண்டைப் பொடியாக நறுக்குங்கள், இஞ்சி பூண்டு விழுது வேண்டாம். விழுதில் தண்ணீர் இருக்கிறது, சட்டியில் விழுந்ததும் அடிப்பிடித்துக் கருகும், அப்புறம் குருமா வாசனை வந்துவிடும். சீனாவில் பச்சைப்பயறு முளையை இதில் நிறைய போடுவார்கள், நாம் சுண்டலுக்கு முளைகட்டுகிற மாதிரி குட்டி முளை இல்லை, இருட்டில் நாலைந்து நாள் வளர்த்து விரல் நீளத்துக்கு வந்தது. வீட்டில் வளர்க்கப் பொறுமை இருந்தால் செய்து பாருங்கள், மொறுமொறுவென்று நன்றாக இருக்கும்.

காளான் சேர்ப்பதாக இருந்தால் முதலிலேயே தனியாக வதக்கி, அது விடுகிற தண்ணீரெல்லாம் வற்றியதும் எடுத்து வைத்துவிடுங்கள். தக்காளி வேண்டவே வேண்டாம். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுந்து, எங்கள் பக்கம் விவசாயிகள் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விட்டுவிடுகிற நாட்களில் எதில் போடலாம், எப்படித் தீர்க்கலாம் என்றுதான் மனசு போகும். அந்த நாட்களில் வேறு ஒன்று செய்யலாம். முட்டையைப் பொரித்து எடுத்துவிட்டு, தக்காளியை உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு நன்றாகக் கரைய வதக்கி, முட்டையைத் திரும்பச் சேர்த்து, வெந்த நூடுல்ஸ் மேலே ஊற்றிச் சாப்பிடுவது. தக்காளி முட்டை நூடுல்ஸ் சீனாவில் வீட்டுக்கு வீடு செய்கிற எளிய சாப்பாடு. அது குழம்பு மாதிரி, இது வறுவல். இரண்டையும் கலக்காமல் இருந்தால் இரண்டுமே நன்றாக இருக்கும்.

சாஸ் கலவையை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துவிடுங்கள். இரண்டு பேருக்கு சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, வினிகர் ஒரு டீஸ்பூன், பச்சை மிளகாய் சாஸ் ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சர்க்கரை கால் டீஸ்பூன். உப்பு சேர்க்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது, நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலும் போட்டிருக்கிறோம். கடைசியில் ருசி பார்த்துக் குறைந்தால் தூவிக்கொள்ளலாம். சாஸ் அளவைக் கூட்டினால் ருசி கூடும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் தண்ணீர்தான், கறுப்பாகிச் சொதசொதவென்று போகும். நிறம் வேண்டும் என்றால் டார்க் சோயா சாஸ் அரை டீஸ்பூன் மட்டும்.

இந்த மிளகாய் சாஸ், வினிகர் எல்லாம் சீனாவில் இப்படிப் போடுகிறார்களா என்று கேட்டால், இல்லை. நாம் சாப்பிடுவது கொல்கத்தா வழியாக வந்த ருசி. ஹக்கா என்பது தெற்குச் சீனாவைச் சேர்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், அவர்களில் பலர் கொல்கத்தாவில் குடியேறித் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள், தாங்ரா என்கிற பகுதியில் சாப்பாட்டுக் கடைகளும் வைத்தார்கள். நம் நாக்குக்குப் பச்சை மிளகாயும் காரமும் அங்கேதான் சேர்ந்தது. கோபி மஞ்சூரியனுக்கு மூலமான சிக்கன் மஞ்சூரியன்கூட 1975ல் மும்பையில் நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் செய்ததுதான், கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். சீன வீட்டு முறையில் வேண்டும் என்றால் மிளகாய் சாஸை விட்டுவிட்டு சோயா சாஸ், சர்க்கரை, வெங்காயத்தாள், கடைசியில் நாலு சொட்டு நல்லெண்ணெய், இவ்வளவு போதும். அவர்கள் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் விடுவார்கள், நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது, வாசனை கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் பொருந்துகிறது.

அஜினோமோட்டோ பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1908ல் ஜப்பானில் கிகுனே இக்கேடா என்கிற வேதியியல் பேராசிரியர் கடற்பாசி ரசத்திலிருந்து பிரித்தெடுத்த ருசிப் பொருள் அது. அதிலிருக்கிற குளூட்டமேட் பழுத்த தக்காளியிலும் இயல்பாக இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டால் விஷம் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டியதில்லை. நான் போடுவதில்லை, ஏனென்றால் நூடுல்ஸ் ஒழுங்காக வறுபட்டால் அது தேவைப்படவே இல்லை, சோயா சாஸிலேயே அந்த ருசி இருக்கிறது.

இப்போது சட்டி. இரும்பு வடச்சட்டி இருந்தால் அதுதான். அது இல்லை என்றால் கனமான இரும்புத் தோசைக்கல் எடுங்கள், நான் ஆச்சரியப்பட்டது இதில்தான். வீட்டு பர்னரின் சூடு தட்டையான கல் முழுக்கப் பரவுகிறது, நூடுல்ஸ் அகலமாகப் படிகிறது, ஆவி தேங்காமல் மேலே போய்விடுகிறது. கிளறும்போது ஓரத்தில் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். நான்ஸ்டிக் வேண்டாம். காலியாக அதிகச் சூட்டில் வைத்தால் அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பித்துக் கெட்ட புகை விடும், இந்தச் சமையலுக்குச் சட்டியைக் காலியாகக் காயவைப்பதுதான் முதல் வேலையே. எங்கள் வீட்டில் ஒரு நல்ல நான்ஸ்டிக் சட்டி இப்படித்தான் வீணானது.

எண்ணெய்க்கு கடலை எண்ணெய். தெற்குச் சீனாவில் காலங்காலமாக இதற்குக் கடலை எண்ணெய்தான், நம் மாவட்டங்களில் விளைகிற கடலைக்கு இது நல்ல செய்தி. ஆனால் செக்கில் ஆட்டியது அதிகச் சூட்டில் நுரைத்துச் சீக்கிரம் புகைந்துவிடும், அதனால் வறுப்பதற்கு மட்டும் ரீஃபைன்ட் கடலை எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். செக்கு எண்ணெயை நூடுல்ஸில் பிசிறுவதற்கு வைத்துக்கொள்ளலாம், வாசனையாக இருக்கும்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, பெரிய பர்னரை முழுதாக வைத்து, சட்டியைக் காலியாக இரண்டு மூன்று நிமிஷம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று அந்த இடத்திலேயே வற்றினால் இன்னும் காய வேண்டும். சொட்டு முத்து மாதிரி உருண்டு சட்டி முழுக்க ஓடினால் சரி, அந்தச் சூடுதான். அந்தச் சொட்டு மறைந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கான அளவுதான், அதாவது நறுக்கியதிலும் வெந்ததிலும் சரி பாதி. இதில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். ஆறு பேர் இருந்தாலும் ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷம்தான், மொத்தமாகப் போட்டு இருபது நிமிஷத்துக்கு மேல் கிண்டுவதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும்.

முட்டை சேர்ப்பதாக இருந்தால் முதலில் முட்டை. ஒன்றை உடைத்து உப்பு போட்டு அடித்து ஊற்றினால் பத்து பதினைந்து நொடியில் உப்பி வரும், பெரிய துண்டுகளாகக் கலைத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள், கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே. திரும்ப ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். பூண்டு போட்டு ஐந்து நொடி, நிறம் மாறக்கூடாது. வெங்காயமும் வெங்காயத்தாளின் வெள்ளையும் போட்டு அரை நிமிஷம். கேரட், பீன்ஸ் ஒரு நிமிஷம். கோஸும் குடைமிளகாயும் கடைசியில் அரை நிமிஷம். காய் பாதி வெந்தால் போதும், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். கோஸ் சுருங்கி அடியில் தண்ணீர் தெரிய ஆரம்பித்தால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், அந்தத் தண்ணீர் வற்றும்வரை நூடுல்ஸைப் போடாதீர்கள்.

காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் நூடுல்ஸ். போட்டதும் கை தானாகக் கிளறப் போகும், வேண்டாம். அரை நிமிஷம் தொடாமல் விடுங்கள். காதைக் கொஞ்சம் அருகில் கொண்டு போனால் முதலில் சொரசொரவென்று ஒரு ஈரச் சத்தம் கேட்கும், அது மெல்ல மாறி அப்பளம் பொரிகிற மாதிரி படபடவென்று ஆகும். அந்தச் சத்தம் வந்ததும் தோசைத் திருப்பியால் அடியிலிருந்து அப்படியே தூக்கிப் புரட்டிப் பாருங்கள், சில இழைகள் லேசாகப் பொன்னிறமாக, விறைப்பாக இருக்கும். அதுதான் நாம் தேடுகிற ருசி. இன்னொரு பக்கமும் அரை நிமிஷம். அதற்குப் பிறகு இரண்டு கரண்டிகளால், கரண்டி முனை அடியில் போகிற மாதிரி, தூக்கித் தூக்கிப் போட்டுக் காயோடு கலக்க வேண்டும். உப்புமா கிண்டுகிற மாதிரி வட்டமாகச் சுற்றினால் இழை அறுந்துவிடும்.

சாஸ் கலவையில் பாதியை எடுத்து, நூடுல்ஸ் மேலே ஊற்றாமல் சட்டியின் ஓரம் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் சீறிக் கொதித்து ஒரு கருகிய இனிப்பு வாசனை எழும், நாலு ரோட்டில் தூரத்திலேயே வருகிற வாசனையில் பாதி இதுதான். உடனே புரட்டுங்கள், முப்பது நொடி. முட்டையைச் சேர்த்து, வெங்காயத்தாளின் பச்சையைத் தூவி, இன்னும் கொஞ்சம் மிளகுத்தூள், அடுப்பை அணைத்துவிடலாம். சட்டியிலேயே விட்டு வைக்காமல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள், சூட்டில் கிடந்தால் காய் தண்ணீர் விடும். மூடி போட்டு வைக்கவே கூடாது.

சட்டியின் சூட்டில் வருகிற அந்தப் புகை வாசனையை கான்டனீஸ் மொழியில் வொக் ஹேய் என்பார்கள், சட்டியின் மூச்சு என்று பொருள். கேஸ் அடுப்பில் அது முழுதாக வராது, கொஞ்சம் வரும். மாரண்டஅள்ளி பக்கம் எங்கள் அம்மா வீட்டில் கொல்லையில் ஒரு விறகு அடுப்பு இருக்கிறது, புளிய விறகு நின்று எரிந்து தணல் நன்றாகப் பிடித்த பிறகு அதன் மேல் வடச்சட்டியை வைத்துச் செய்தேன். தீ சட்டியின் பக்கவாட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, நூடுல்ஸ் இரண்டே நிமிஷத்தில் ஆகிவிட்டது. அம்மா நூடுல்ஸே தொடாதவர், ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இதுல காரம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்டி" என்றார். வீட்டில் விறகு அடுப்பு எரிகிற வாய்ப்பு இருந்தால் கட்டாயம் ஒருமுறை செய்து பாருங்கள்.

கோழி சேர்க்க நினைத்தால் நாட்டுக்கோழி இதற்கு ஆகாது, அது நிதானமாக வேக வேண்டிய கறி. பிராய்லரில் எலும்பில்லாத நெஞ்சுக்கறி 100 கிராம், நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், முட்டையின் வெள்ளைக் கரு பாதி, கார்ன்ஃப்ளார் ஒரு டீஸ்பூன் போட்டுப் பிசிறி 20 நிமிஷம் வையுங்கள். மாவுப் பூச்சு கறியின் சாறை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது, சட்டியில் தண்ணீரும் கட்டாது. அதைத் தனியாக வறுத்து முழுக்க வெந்ததும் எடுத்து வைத்து, முட்டை சேர்க்கிற நேரத்தில் சேருங்கள்.

மைதா வேண்டாம் என்கிறவர்கள் ராகி சேமியாவில் செய்யலாம், நம் வீடுகளில் எப்படியும் இருக்கும். உப்புத் தண்ணீரில் மூன்று நிமிஷம் ஊறவைத்து, வடித்து, இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்து, பிறகு முழுக்க ஆறவிடுங்கள். ராகியில் கோதுமைக்கு இருக்கிற இழுவை இல்லை, அதனால் சட்டியில் கடைசி ஒரு நிமிஷம் மட்டும், கரண்டியை ரொம்ப ஓட்டாமல். வேறு ருசிதான், ஆனால் பூண்டும் வெங்காயத்தாளும் ராகியோடு நன்றாகவே சேர்கிறது. 2005ல் ஒரு செய்தி வந்தது, சீனாவில் மஞ்சள் ஆற்றங்கரையில் லாஜியா என்கிற இடத்தில் கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4000 வருஷப் பழைய நூடுல்ஸ் கிடைத்தது, ஆராய்ந்தவர்கள் அதில் தினையும் பனிவரகும் இருந்ததாகச் சொன்னார்கள். சாமையும் ராகியும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, செகண்ட் ஷிஃப்ட் என்றால் பஸ்ஸில் வந்து இறங்க ராத்திரி ஒன்றரை ஆகும். எட்டு மணிக்குச் செய்த நூடுல்ஸை அந்நேரம் சூடு பண்ணினால் சவசவவென்று இருக்கும். அதனால் அவர் பங்கு நூடுல்ஸை வேகவைத்துக் காயவைத்து எண்ணெய் பிசிறிய நிலையிலேயே மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், நறுக்கிய காய் ஒரு டப்பா, சாஸ் ஒரு கிண்ணம். வந்து கைகால் கழுவுவதற்குள் தட்டில் இருக்கும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தது இன்னும் உதிரியாகவே வருகிறது. வெந்த நூடுல்ஸை வெளியிலேயே மணிக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்னாடியே. மறுநாள் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் இரும்புச் சட்டியைச் சோப்பில் ஊறப்போடாதீர்கள். சூடு இருக்கும்போதே வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஒரு நிமிஷம் வைத்து ஈரம் போனதும் துணியில் எண்ணெய் தொட்டு உள்ளே மெல்லிசாகத் தடவி வையுங்கள். புதுச் சட்டி என்றால் தோசைக்கல் பழக்குகிற மாதிரியே, எண்ணெய் தடவிப் புகை வரும்வரை காயவைப்பதை நாலைந்து தடவை செய்துவிட்டு, முதல் இரண்டு நாள் வெங்காயம் மட்டும் வதக்குங்கள். உள்பக்கம் கறுத்து வழவழவென்று ஆன பிறகு நூடுல்ஸ் ஒட்டாது.